நொண்டும் நாய்க்கு மருந்து

நாய்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானத்தை முதுமையின் நோய் என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அதன் வேர் பல நாய்களில் குட்டிப் பருவத்திலேயே இருக்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டின் கிண்ணமும் அதில் அமரும் தொடை எலும்பின் பந்தும் சரியாகப் பொருந்தாமல் வளர்வதுண்டு. முழங்கை மூட்டிலும் இத்தகைய வளர்ச்சிக் கோளாறு வரும். பொமரேனியன், பக் போன்ற சிறிய இனங்களில் முழங்கால் சிப்பி இடம்விட்டு நழுவும். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இணைப்பு நார் அறுந்துபோவது எல்லா இனங்களிலும் உண்டு. நிலைகுலைந்த மூட்டு ஒவ்வோர் அடியிலும் தவறான இடத்தில் பாரம் தாங்குகிறது. நாளடைவில் எலும்பு முனைகளைப் போர்த்திய குருத்தெலும்பு சிதைகிறது, மூட்டின் உள்சவ்வு அழற்சியுறுகிறது, மூட்டுநீர் நீர்த்துப்போகிறது, ஓரங்களில் புது எலும்பு முள் முளைக்கிறது.

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. எனவே அது தேய்வதே நேராக வலியாக உணரப்படுவதில்லை. வலி பிறப்பது உள்சவ்விலும், மூட்டு உறையிலும், குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பிலும்தான். "குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும்" என்று டப்பாவின் மேல் அச்சிட்டு விற்கப்படும் பொருள்களை எடைபோடும்போது இந்த ஒரு செய்தி மிகவும் பயன்படும்.

நாய் தன் வலியை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. முனகுவது அரிது, சாப்பாட்டை விடுவதும் அரிது. "நல்லாத்தானே சாப்பிடுது, வலி இருந்தா சாப்பிடுமா?" என்ற கேள்வியால் எத்தனையோ நாய்கள் மாதக்கணக்கில் வலியோடே கிடக்கின்றன. பார்க்க வேண்டியவை வேறு. படுத்த இடத்திலிருந்து எழும்போது பின்னங்கால்கள் தடுமாறும். நாலடி நடந்தபின் சரியாகிவிடும். மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்க்கும், ஏறாது. காரில் தாவி ஏறியது இப்போது முன்கால்களை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருக்கும். ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்கும். தொடைச் சதை வற்றும். அதுவரை சாதுவாக இருந்தது, இடுப்பைத் தொட்டால் உறுமும். இவற்றை "வயசாயிடுச்சு" என்று ஒதுக்குவது தவறு. வயது நோயல்ல, வலிக்கு மருந்து உண்டு.

நொண்டுவதெல்லாம் மூட்டுத் தேய்மானமும் அல்ல. தமிழ்நாட்டில் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே உண்ணிக் காய்ச்சல் மிகுதி. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி காய்ச்சலையும் சோர்வையும் மட்டுமல்லாமல் மூட்டு வீக்கத்தையும் நொண்டலையும் உண்டாக்கக்கூடும். அதோடு இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் கீழே இறக்கிவிடும். அந்த நிலையில் உள்ள நாய்க்கு வலி மாத்திரை கொடுத்தால், ஏற்கெனவே உறையத் தயங்கும் இரத்தத்துக்கு இன்னொரு தடை சேர்கிறது. மூக்கிலிருந்தோ குடலிலிருந்தோ கசிவு தொடங்கலாம். ஆகவே இளம் நாய் திடீரென்று நொண்டினாலோ, இன்றைக்கு ஒரு கால் நாளைக்கு வேறு கால் என்று நொண்டல் இடம் மாறினாலோ முதலில் தேவைப்படுவது இரத்தப் பரிசோதனை. வலி மாத்திரை அதற்குப் பின்புதான். எலும்புப் புற்றுநோயும் பெரிய இன நாய்களில் நொண்டலாகவே தொடங்கும் என்பதால் எக்ஸ்ரேயையும் தவிர்க்க முடியாது.

மருந்துகளுக்குள் போகுமுன் எடையைப் பற்றிப் பேசியாக வேண்டும். பக்கவிளைவே இல்லாத வலிநிவாரணி ஒன்று உண்டென்றால் அது உடல் எடைக் குறைப்பே. அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து வாழ்நாள் முழுதும் கவனித்தது. ஒவ்வோர் இணையிலும் ஒரு நாய்க்கு, மற்றது உண்பதைவிட 25 சதவீதம் குறைவான உணவு கொடுக்கப்பட்டது. 2002-இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டு நோய்க்கு நீண்ட நாள் சிகிச்சை தேவைப்படும் வயதும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. ஒரே ஈற்றில் பிறந்த நாய்கள், ஒரே வகை உணவு. மாறியது அளவு மட்டும். ஏற்கெனவே பருத்து நொண்டும் நாய்களை இளைக்க வைத்துச் செய்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், உடல் எடையில் ஆறு சதவீதம் குறைந்த கட்டத்திலேயே நடை கண்ணுக்குத் தெரியும்படி மேம்பட்டது. 40 கிலோ லாப்ரடாருக்கு அது இரண்டரைக் கிலோதான். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும், கைக்கு எளிதில் தட்டுப்பட்டும் இருப்பதே சரியான உடல்வாகு. தயிர்சோற்று மிச்சமும், காலை டீயோடு போடும் பிஸ்கட்டும், நெய் தடவிய சப்பாத்தித் துண்டும் கணக்கில் வராத உணவுகள். பெரும்பாலும் எடை அங்கேதான் ஏறுகிறது.

தரையும் ஒரு மருந்தே. பளபளக்கும் டைல்ஸிலும் கிரானைட்டிலும் நாயின் கால் வழுக்குகிறது. ஒவ்வொரு வழுக்கலும் தளர்ந்த இடுப்பு மூட்டை இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. நாய் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை தேங்காய்நார் மிதியடி விரிப்பதும், நகத்தை அளவாக வெட்டிவிடுவதும் அதிகம் காசு கேட்காத உதவிகள்.

இவ்வளவும் செய்தபின்னும் வலி நீங்காத நாய்க்குத்தான் மாத்திரை. இதில் முதலிடம் ஸ்டீராய்டு அல்லாத வலிநிவாரணிகளுக்கு. கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபிரோகாக்சிப், ரோபெனகாக்சிப் ஆகியவை நாய்களுக்கென்று ஆராய்ந்து அனுமதிக்கப்பட்டவை. இவை வேலை செய்யும் விதம் ஆஸ்பிரின் வழியாகத் தெரியவந்தது. 1971-இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உருவாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982-இல் மேலும் இருவரோடு நோபல் பரிசும் பெற்றார். அடிபட்ட இடத்தில் அழற்சியையும் வலியையும் தூண்டுவது புரோஸ்டாகிளாண்டின். அதை உருவாக்கும் நொதியை முடக்கினால் வலி தணிகிறது.

சிக்கலும் அங்கேதான். அதே புரோஸ்டாகிளாண்டின் இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலத்திலிருந்தே காக்கும் சளிப் படலத்தையும் இரத்த ஓட்டத்தையும் பேணுகிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயை விரிந்த நிலையில் வைக்கிறது. வலியைத் தணிக்க அதைத் தடுக்கும்போது இந்தக் காவலும் குறைகிறது. நொதியில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என இரண்டு வகை உண்டு. இரைப்பைக் காவல் பெரிதும் முதலாவதைச் சார்ந்தது, அழற்சி இரண்டாவதைச் சார்ந்தது என்ற புரிதலில் இரண்டாவதை மட்டும் கூடுதலாக முடக்கும் மருந்துகள் செய்யப்பட்டன. இரைப்பைக்கு அவற்றால் நன்மை உண்டு, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. புண் ஆறுவதற்கும் சிறுநீரகத்தின் தற்காப்புக்கும் காக்ஸ்-2 கூடத் தேவைப்படுகிறது.

பக்கவிளைவு முதலில் தெரிவது வயிற்றில். வாந்தி, பேதி, உணவில் வெறுப்பு. இவை லேசாகத் தோன்றும்போதே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். "சாப்பாட்டுல ஏதோ ஒத்துக்கல" என்று நினைத்து மாத்திரையைத் தொடர்வதால்தான் பெரிய விபத்துகள் நேர்கின்றன. புண் ஆழமாகி இரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுக்கும், ஈறு வெளிறும். குடற்சுவர் துளைபட்டால் வயிறு இறுகி நாய் சுருண்டு படுத்துவிடும். அறுவை சிகிச்சை இல்லாமல் பிழைப்பது கடினம். வலி மாத்திரை சாப்பிடும் நாய் ஒரு வேளை உணவை மறுத்தால் அன்றைய மாத்திரையையும் மறுத்துவிட வேண்டும் என்ற விதியை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சிறுநீரகத்துக்கு வரும் கேடு சத்தமில்லாதது. உடலில் நீர் குறையாத ஆரோக்கியமான நாய்க்கு இந்த மருந்துகள் சிறுநீரகத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. வாந்தி பேதியால் வறண்ட நாய், சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிவைக்கப்பட்ட நாய், மயக்க மருந்தின் கீழ் இரத்த அழுத்தம் தாழ்ந்த நாய், இதய நோய்க்காக நீர் பிரிக்கும் மாத்திரை உண்ணும் நாய் ஆகியவற்றின் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டினை நம்பியே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே அதைத் தடுத்தால் ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். முதிய நாயின் சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதான பின்புதான் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு ஏறத் தொடங்கும் என்பதால், எண் சரியாக இருக்கிறது என்பதே முழு நிம்மதி ஆகாது. சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கிறார்கள்.

கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் முன்னறிவிப்பில்லாதது. அளவு மிகாதபோதும் வரும். 1997-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கார்ப்ரோஃபென் குறித்து மறு ஆண்டே 21 நாய்களின் கல்லீரல் பாதிப்பு பற்றிய அறிக்கை வெளியானது. அவற்றில் 13 லாப்ரடார்கள். அந்த இனத்துக்கே தனிப் பலவீனம் இருக்கிறதா, அல்லது மூட்டுவலியோடு அதிகமாக வரும் இனம் அதுவே என்பதால் எண்ணிக்கை கூடியதா என்பது இன்றும் விவாதப் பொருள். கவனத்தில் வைக்க வேண்டியது காலக் கணக்கு: பெரும்பாலான பாதிப்புகள் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தெரிந்தன. அதனால்தான் மாத்திரை தொடங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இன்னொன்று, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற வழக்கம் ஏற்பட்டது. கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளித்தல், சிறுநீர் காபி நிறமாதல், காரணமில்லாத சோர்வு ஆகியவை பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாத அறிகுறிகள்.

இந்த ஆபத்துகளையெல்லாம் வரிசையாகக் கேட்பவர்கள் வலி மாத்திரையே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவதுண்டு. அது நாய்க்குச் செய்யும் உதவியல்ல. முறையாகப் பரிசோதித்து, சரியான அளவில், தனியாகக் கொடுக்கப்படும்போது பெரும்பாலான நாய்கள் இவற்றை ஆண்டுக்கணக்கில் தாங்குகின்றன. கடுமையான பாதிப்புகளைத் துருவிப் பார்த்தால் மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன: அளவு மிகுந்தது, இரண்டு மருந்துகள் சேர்ந்தது, அறிகுறி தெரிந்தும் நிறுத்தாதது.

அளவு மிகுவதற்கு முதல் வழி மனிதருக்கான மாத்திரை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஐந்து கிலோ பொமரேனியனுக்கு ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராம் ஆகிறது. 100 மில்லிகிராம் அளவில் இரைப்பையில் கடுமையான புண், 175-க்கு மேல் சிறுநீரகச் செயலிழப்பு, 400-ஐத் தாண்டினால் வலிப்பு என்பது நஞ்சியல் நூல்களின் கணக்கு. சிறு அளவு பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது: கிலோவுக்கு 8 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் கொடுத்தாலே இரைப்பையில் புண் உண்டாவது அறியப்பட்டிருக்கிறது. நாப்ராக்சன் இன்னும் மோசம். மனித உடலிலிருந்து அரை நாளைச் சற்றுத் தாண்டியதும் பாதியாகக் குறையும் அம்மருந்து, நாயின் உடலில் பித்தநீர் வழியாகக் குடலுக்கு வந்து மீண்டும் உறிஞ்சப்படுவதால் பாதியாகக் குறையவே மூன்று நாள் வரை ஆகும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கொடுத்தால் மூன்றாம் நாள் முந்தையவற்றின் பாரமும் சேர்ந்துகொள்ளும்.

பாராசிட்டமால் "குழந்தைக்கே கொடுக்கிறோம்" என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படுகிறது. நாயில் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் கேடு எதிர்பார்க்க வேண்டியது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று மேற்சொன்ன பொமரேனியனை அந்தக் கோட்டில் நிறுத்திவிடும். ஈறு பழுப்பு நிறமாவதும் முகம் வீங்குவதும் பாராசிட்டமால் நஞ்சின் அடையாளங்கள். அதே வீட்டில் பூனையும் இருந்தால் பாராசிட்டமால் அதன் அருகிலேயே போகக் கூடாது, ஒரே மாத்திரை உயிரை எடுக்கும். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் இங்கே சாதாரணம். அவற்றில் இரண்டு நஞ்சும் ஒரே வில்லையில் இருக்கின்றன.

மருந்து ஒன்றே, நாய்க்கும் உரியதே என்றாலும் மனித மாத்திரையின் பலம் வேறு. மெலாக்சிகாம் நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு 0.1. ஐந்து கிலோ நாய்க்கு நாளுக்கு அரை மில்லிகிராம். மனிதருக்கான மாத்திரையோ 15 மில்லிகிராம் வரை வருகிறது. அந்த நாய்க்கு அது முப்பது நாள் மருந்து. நாய்க்கான திரவ மருந்தோடு வரும் அளவுகுழலில் கிலோக் கணக்கு குறிக்கப்பட்டிருப்பது இதற்காகவே. அதைத் தொலைத்துவிட்டு டீஸ்பூனால் அளப்பதும், வேறு பாட்டிலின் குழலால் அளப்பதும் ஒன்றுதான். வலிக்குத் தடவும் ஜெல்லும் தெளிக்கும் ஸ்பிரேயும் நாயின் தோலுக்கு ஆகாதவை. தடவிய ஐந்தாவது நிமிடத்தில் அது நாவில் இருக்கும்.

டைக்ளோஃபெனாக்கைப் பற்றித் தனியே ஒரு சொல். நாயின் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் அது பொல்லாதது. ஆனால் இந்தியாவில் அந்தப் பெயர் நாயால் தெரிந்ததல்ல, பிணந்தின்னிக் கழுகுகளால் தெரிந்தது. டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்ட மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி மடிந்தன. 2004-இல் காரணம் கண்டறியப்பட்டபோது துணைக்கண்டத்தின் கழுகுகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டிருந்தன. 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா அதைத் தடைசெய்தது. தமிழ்நாட்டில் எஞ்சிய கழுகுகள் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் கூடு கட்டுகின்றன. மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்ட, கழுகுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்து அறியப்பட்ட மருந்து மெலாக்சிகாம்; இன்று இங்குள்ள நாய்களுக்கு மிகுதியாக எழுதித்தரப்படுவதும் அதுவே. ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டு ஒரே உயிரினத்தில் எவ்வளவு மாறுபடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் கூட்டு. வலி மாத்திரையோடு பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்ந்தால் இரைப்பைப் புண்ணின் ஆபத்து பன்மடங்காகும். தோல் அரிப்புக்கு ஒரு மருத்துவர் ஸ்டீராய்டு தந்திருப்பார். நொண்டலுக்கு இன்னொருவர் வலி மாத்திரை எழுதுவார். இருவருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இடையில் ஒரு வாரமாவது விடுவது பொது வழக்கம். ஒரு வலி மாத்திரை போதவில்லை என்று அதே வகையில் இரண்டாவதைச் சேர்ப்பதும் இதே ஆபத்துதான்.

வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாத, அல்லது அது மட்டும் போதாத நாய்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. காபாபென்டின் நரம்பு சார்ந்த வலிக்கு உதவும். தூக்கமும் தள்ளாட்டமும் அதன் பக்கவிளைவுகள். முதல் சில நாளில் படிக்கட்டை அடைத்து வைப்பது நல்லது. மனிதருக்கான காபாபென்டின் திரவங்கள் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கப்படுகிறது. அது நாயின் இரத்தச் சர்க்கரையை வீழ்த்திக் கல்லீரலையும் தாக்கும் நஞ்சு. மெலாக்சிகாம் மட்டும் போதாத நாய்களில் அமாண்டடின் சேர்த்தபோது நடமாட்டம் மேம்பட்டதை 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. டிராமடாலின் கதை வேறு. நீண்ட நாள் நாய்களுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்ட அது, 2018-இல் கார்ப்ரோஃபெனோடும் மருந்தில்லாத வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டபோது வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. மனிதக் கல்லீரல் டிராமடாலை வீரியமுள்ள வேறொரு பொருளாக மாற்றுகிறது. நாயின் கல்லீரல் அதை மிகச் சிறிதளவே செய்கிறது. மயங்கிப் படுத்திருக்கும் நாய் வலியற்ற நாய் போலத் தோன்றியதே அம்மருந்தின் நற்பெயருக்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

புதிய மருந்துகள் நொதியை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பிடிக்கின்றன. 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிராபிபிரன்ட், புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பதில்லை. வலியைச் சொல்லும் அதன் ஏற்பி ஒன்றை மட்டும் அடைக்கிறது. வாந்தி இதிலும் உண்டு. பெடின்வெட்மேப் என்பது மாதம் ஒருமுறை போடும் எதிர்ப்புரத ஊசி. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைப் பிடித்து வலிச் செய்தியைக் குறைக்கிறது. ஐரோப்பாவில் 2020-இலும், அமெரிக்காவில் 2023-இலும் அனுமதி பெற்றது. மாத்திரை ஒத்துக்கொள்ளாத பல முதிய நாய்களுக்கு அது நடையைத் திருப்பித் தந்தது உண்மை. ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தள்ளாட்டம், வலிப்பு, கால் தளர்ச்சி, மிகுதாகம், சிறுநீர் கட்டுப்பாடிழப்பு ஆகியவை பற்றிய புகார்களைத் தொகுத்துக் கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கை மடல் விடுத்தது. அதே புரதத்தைக் குறிவைத்து மனிதருக்கெனச் செய்யப்பட்ட டனெசுமேப், சிலரின் மூட்டு விரைந்து சிதைந்ததால் 2010-இல் சோதனையிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2021-இல் கைவிடப்பட்டது. அங்கே வலி மாத்திரையையும் சேர்த்து உண்டவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. ஒரு புகார் எண்ணிக்கை மருந்தே காரணம் என்று நிறுவிவிடாது. ஊசி போட்ட நாய்கள் முதியவை, வேறு நோய்களும் உள்ளவை. எனினும் நரம்புக் கோளாறு ஏற்கெனவே உள்ள நாய்க்கு இதைத் தொடங்குமுன் தயங்கி யோசிக்க இவ்வளவு போதும்.

இனி சப்ளிமென்ட்டுகள். இவற்றில் அதிகம் விற்பது குளுக்கோசமினும் காண்ட்ராய்ட்டினும். குளுக்கோசமின் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது; காண்ட்ராய்ட்டின் மாடு, பன்றி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்து. இரண்டும் குருத்தெலும்பின் கட்டுமானப் பொருள்கள் என்பதால், வாய்வழி கொடுத்தால் மூட்டுக்குப் போய்ச் சேரும் என்ற எண்ணம் இயல்பாகத் தோன்றுகிறது. நாய்களில் அளந்து பார்த்தபோது, விழுங்கிய குளுக்கோசமினில் ஏறத்தாழ 12 சதவீதமும் காண்ட்ராய்ட்டினில் ஐந்து சதவீதமுமே இரத்தத்தை எட்டின.

பலன் பற்றிய சோதனைகள் இன்னும் தெளிவானவை. மனிதரில் 1,583 பேரைக் கொண்டு அமெரிக்க அரசின் நிதியில் நடந்த பெரிய ஆய்வு 2006-இல் வெளியானது. ஒட்டுமொத்தமாக இந்த இரண்டும் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. நாய்களில் 2003-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தரையில் பதித்த விசைத்தட்டின் மேல் நாயை நடக்கவிட்டு ஒவ்வொரு காலும் எவ்வளவு பாரம் ஊன்றுகிறது என்று அளந்தது. கார்ப்ரோஃபெனும் மெலாக்சிகாமும் பாரத்தைக் கூட்டின. குளுக்கோசமின் கூட்டு அப்படிச் செய்யவில்லை. 2007-இல் 35 நாய்களில் நடந்த சோதனையில் எழுபதாம் நாளில் சிறிது முன்னேற்றம் தெரிந்ததும் உண்டு. எல்லாவற்றையும் தொகுத்து 2022-இல் வெளியான ஆய்வு, மூட்டுவலிக்கு இக்கூட்டை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னது.

அப்படியானால் "டப்பா முடியறதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லும் ஆயிரம் பேர் பொய் சொல்கிறார்களா? இல்லை. மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும். நாய் மிகவும் நொண்டும் வாரத்தில்தான் மக்கள் மருந்து தேடுகிறார்கள். அடுத்த வாரம் எப்படியும் சற்றுத் தேறும். இதற்கு மேல் பார்ப்பவரின் கண்ணும் மாறுகிறது. வெற்று மாத்திரை பெற்ற நாய்களை மட்டும் எடுத்து, விசைத்தட்டு சொன்னதையும் உரிமையாளர் சொன்னதையும் 2012-இல் ஒப்பிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட உரிமையாளர்களின் மதிப்பீடு உண்மையைவிட நல்லதாக இருந்தது. மருத்துவர்களிலும் பத்தில் நான்கு பேர் அப்படியே கண்டார்கள். அன்பு கொண்டவர் நல்லதையே பார்க்க விரும்புகிறார். நாய்க்கு அந்த விருப்பம் உதவாது. அதன் கால் எவ்வளவு ஊன்றியதோ அவ்வளவுதான் அதன் சுகம்.

குளுக்கோசமினின் நேரடிப் பக்கவிளைவுகள் சிறியவை: மலம் இளகுதல், வாயு, எப்போதாவது வாந்தி. ஆனால் இறைச்சிச் சுவையூட்டி மெல்லும் துண்டுகளாக விற்கப்படுவதால் நாய் டப்பாவையே கடித்துத் திறந்து முழுவதையும் தின்றுவிடுவதுண்டு. அதன்பின் கல்லீரல் நொதிகள் ஏறிய நாய்களும், உறுப்புகள் செயலிழந்த நாயும் பதிவாகியுள்ளன. சுவையூட்டிய கார்ப்ரோஃபென் வில்லைகளால் வரும் அதே விபத்து இன்னும் கொடியது. கலப்புப் பொருள்களில் லேபிள் சொல்வதும் உள்ளே இருப்பதும் பொருந்தாமையும் ஆய்வகங்களில் பலமுறை தெரிந்திருக்கிறது. மருந்து அனுமதி பெற வேண்டிய அவசியம் இல்லாத பொருளுக்குப் பலனை நிரூபிக்கும் கடமையும் இல்லை. பெரிய இழப்பு காலமும் பணமும். வலியுள்ள நாய் மூன்று மாதம் டப்பா மட்டும் தின்று காத்திருக்கும்போது தொடைச் சதை வற்றிவிடுகிறது.

மீன் எண்ணெய் வேறு வரிசையில் நிற்கிறது. அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகள் அழற்சிப் பொருள்கள் உருவாகும் மூலத்தையே மாற்றுகின்றன. 2010-இல் வெளியான சோதனைகளில் மீன் எண்ணெய் செறிந்த உணவு உண்ட நாய்கள் காலை நன்றாக ஊன்றின. கார்ப்ரோஃபெனின் அளவைக் குறைக்கவும் முடிந்தது. இடறுவது அளவில்தான். 30 கிலோ நாய்க்கு மூட்டுவலிக்காகச் சொல்லப்படும் அளவு நாளுக்குச் சுமார் நான்கு கிராம் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள். கடையில் கிடைக்கும் சாதாரண ஆயிரம் மில்லிகிராம் குளிகையில் அவை இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான். தினம் ஒரு குளிகை கொடுப்பவர் பதின்மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். பதின்மூன்றும் கொடுத்தாலோ அது 13 கிராம் கொழுப்பு, ஏறத்தாழ 117 கலோரி. உணவில் அவ்வளவைக் குறைக்காவிட்டால் எடை ஏறி, எண்ணெய் தந்த நன்மையை அதுவே தின்றுவிடும். செறிவூட்டிய எண்ணெய் இதற்கு நல்லது. திடீரென்று கூட்டினால் பேதியாகும். கணைய அழற்சி வந்த நாய்க்குக் கொழுப்பே ஆகாது. மிகுந்த அளவில் இரத்தம் உறைவது தாமதமாகும் என்பதால் அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காட் மீனின் ஈரல் எண்ணெயை இதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது, அதன் வைட்டமின் ஏ, டி இரண்டும் உடலில் தேங்கும்.

மஞ்சளுக்குத் தமிழ் வீட்டில் தனி மரியாதை உண்டு. அதன் குர்க்குமின் சோதனைக் குழாயில் அழற்சியைத் தடுக்கிறது. ஆனால் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே செல்கிறது. மஞ்சள் சாறு கொடுத்து விசைத்தட்டில் நடக்கவிட்ட நாய்களில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உறிஞ்சலைக் கூட்ட மிளகு சேர்ப்பது மற்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் மாற்றக்கூடும் என்பதால், வலி மாத்திரை உண்ணும் நாய்க்கு அந்தக் கைவைத்தியம் ஏற்றதல்ல. சோற்றில் சேரும் ஒரு சிட்டிகையால் கேடும் இல்லை, மூட்டுக்குப் பயனும் இல்லை. நியூசிலாந்தின் பச்சைச் சிப்பிப் பொடியிலும் ஒமேகா-3 உண்டு. மீன் எண்ணெயை மிஞ்சும் சான்று அதற்கு இல்லை.

வாய்வழிப் பொருள்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் ஊசி ஒன்று உண்டு. மாட்டின் குருத்தெலும்பிலிருந்து செய்யப்படும் பாலிசல்ஃபேட்டட் கிளைகோசமினோகிளைக்கான், நான்கு வாரத்துக்கு வாரம் இருமுறை தசையில் போடப்படுவது. அது அனுமதி பெற்ற மருந்து. அதன் வேதி அமைப்பு ஹெப்பாரினைப் போன்றது என்பதால் இரத்தக் கசிவுள்ள நாய்க்குப் போடக் கூடாது. உண்ணிக் காய்ச்சலில் தட்டணு குறைந்த நாய் இங்கேயும் விலக்கு.

மருந்து தொடங்கும் நாளில் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று: நாய் அதே தெருவில், அதே நேரத்தில் இருபது அடி நடந்து வருவதையும், படுத்த இடத்திலிருந்து எழுவதையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. நினைவு ஏமாற்றும், படம் அவ்வளவாக ஏமாற்றாது. ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றினால்தான் எது உதவியது, எது வாந்தியைக் கொண்டுவந்தது என்று பிரித்தறிய முடியும். பலன் தெரிந்தபின் வலியைத் தாங்கவைக்கும் மிகக் குறைந்த அளவுக்கு மருத்துவர் மாத்திரையை மெல்ல இறக்குவார். எடை குறைந்த நாய்களில் அந்த அளவு இன்னும் கீழே போகும். வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு தாளில் மாத்திரையின் பெயர், கொடுத்த நேரம், கொடுத்தவர் பெயர் எழுதப்பட்டிருந்தால் காலையில் அம்மாவும் மாலையில் மகனும் ஒரே மாத்திரையை இருமுறை கொடுக்கும் தவறு நேராது. மாத்திரை டப்பாவின் இடம் நாய் எட்டாத அலமாரி. ஒருவேளை நாய் டப்பாவைக் கடித்துவிட்டால், மீதி எத்தனை என்று எண்ணி, காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கவைத்தும் கரித்தூள் கொடுத்தும் நஞ்சைத் தடுக்க முதல் ஓரிரண்டு மணி நேரமே உகந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றி வீட்டிலேயே வாந்தி எடுக்கவைப்பது கூடாது. உப்பு மிகுதியே நாயைக் கொன்றுவிடும்.